பேய்க்கும் வேண்டும் முதுகெலும்பு

அமெரிக்கக் கடைகளில் 'இரண்டுக்கு நான்கு' என்று விற்கிற கட்டையை வாங்கி அளந்து பார்த்தால் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். 'ஒன்றுக்கு இரண்டு' என்பது முக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை. இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. பச்சை மரத்தை அறுக்கும்போது இருந்த அளவு முதலாவது. காய்ந்து சுருங்கி நாலு பக்கமும் இழைத்த பிறகு மிஞ்சுவது இரண்டாவது. பெயர் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. ஆளுயரப் பேய் பொம்மை செய்யப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பேயைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2024-ஆம் வருடம் நானும் மனைவியும் ஆறு மாதம் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தோம். பேரனுக்குப் பத்து வயது. அக்டோபர் பிறந்ததுமே, "தாத்தா, இந்த வருஷம் ஹாலோவீனுக்கு நம்ம வீட்டு வாசல்ல ஆள் சைஸ்ல மூணு பேய் நிக்கணும். கடையில வாங்கக் கூடாது. நீங்க பண்ணித் தரணும்" என்று பிடித்துக்கொண்டான். ஜூன் மாதத்திலிருந்து அவனுடைய சைக்கிள், மிக்ஸி, கழிவறைக் குழாய் என்று ஒவ்வொன்றாக நான் சரிசெய்து வந்ததில் என் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் கம்பம் நட்டு லைன் இழுத்த ஆளுக்கு மூன்று பேயை நிறுத்துவது பெரிய காரியமா என்று நானும் சரி என்றேன்.

ஹாலோவீன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அக்டோபர் 31 இரவு பிள்ளைகள் விதவிதமாக வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய அறுவடை முடிவு விழாவிலிருந்து வந்தது என்கிறார்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்கா வந்ததும் பூசணிக்காய் சுலபமாகக் கிடைத்தது, அதற்கு மாறிவிட்டார்கள். அந்தப் பழைய விழாவின் பெயரை ஏறக்குறைய 'சாவின்' என்று உச்சரிக்க வேண்டும் என்று பேரன் சொன்னபோது என் மனைவி கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தமிழ்க் காதில் அது விழுகிற விதம் அப்படி.

அவள் பார்த்ததற்கு வேறு காரணமும் இருந்தது. ஜூலையில் ஊரில் அவளுடைய தம்பி, என் மைத்துனர், திடீரென்று போய்விட்டார். டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். கைபேசியில் வீடியோவில்தான் பார்த்தாள். கும்பகோணம் பக்கத்தில் அவர்கள் வீட்டுத் திண்ணை இப்போதும் இருக்கிறது; மாலையில் அவர் அங்கேதான் இருப்பார். சின்ன வயதில் சீழ் பிடித்ததில் இடது காது மந்தம். யார் பேசினாலும் முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பி வலது காதைக் கொடுப்பார். அக்காவிடம் வாரத்துக்கு இரண்டு முறையாவது போனில் பேசுகிறவர். ஜூலைக்குப் பிறகு இவள் போனையே அதிகம் எடுப்பதில்லை.

பொம்மை விஷயத்தில் முதல் தகராறு மரத்தில் வந்தது. அந்த வருடம் நவராத்திரி அக்டோபர் 3 முதல். கொலுவுக்கு ஐந்து படி நான்தான் கராஜில் அடித்துக் கொடுத்திருந்தேன். விஜயதசமி முடிந்து பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்ததும் பேரன், "தாத்தா, இந்தப் படிக் கட்டையைப் பிரிச்சா மூணு பேய்க்கும் வரும்" என்று கணக்குப் போட்டுவிட்டான். கணக்கு சரிதான். ஆனால் உள்ளே இருந்து குரல் வந்தது: "அம்பாள் உட்கார்ந்த பலகையில பேயா? ஏங்க, அவன்தான் சின்னப் பையன், உங்களுக்கு எங்கே போச்சு புத்தி?" நான் வாயே திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மரக்கடைக்குப் போனோம்.

அங்கே 'ஃபர்ரிங் ஸ்ட்ரிப்' என்று எட்டடி நீளத்தில் ஒன்றுக்கு இரண்டு ரீப்பர் கட்டுக் கட்டாக நிற்கும். இருப்பதிலேயே மலிவு. மலிவு என்பதால் பாதி கோணல். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மறு முனை வரை ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். வில்லாக வளைந்திருந்தால் பரவாயில்லை, கைக்குப் போடலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் ஆகவே ஆகாது. கணு குறுக்கே ஓடுகிற இடத்தில் திருகு போட்டால் அங்கேயே ஒடியும். நாங்கள் பன்னிரண்டு கட்டை பொறுக்குவதற்குள் மாப்பிள்ளை ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிட்டார். ஒரு உருவத்துக்கு நான்கு ரீப்பர். அடித்தளத்துக்கு மட்டும் இரண்டுக்கு நான்கு கட்டை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் போட்டிருந்த பார்சல் மேடைப் பலகையைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்றான் பேரன். அப்படி எடுக்கிறவர்கள் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். 'எச்.டி.' என்றிருந்தால் சூடு காட்டிப் பூச்சி கொன்ற மரம். 'எம்.பி.' என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது. பிள்ளைகள் தொடுகிற பொருளுக்கு வேண்டாம்.

இப்போது அளவு. இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். அந்தத் தெருவிலேயே நான் பார்த்த பொம்மைகளில் பாதி, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி ஒரு நெட்டுக் கட்டை, ஒரு குறுக்குக் கட்டை. அதன் மேல் சட்டை. தூரத்தில் இருந்து பார்த்தால் கொடியில் உலர்கிற துணி போல இருக்கும். முகத்தில் எவ்வளவு கோரமான முகமூடி மாட்டினாலும் சட்டைக்குள் ஆள் இல்லை என்று உடம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

மனித உடம்பு ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். நம் ஸ்தபதிகள் முக நீளத்தைத் தாலம் என்று அலகாக வைத்துக்கொண்டு, கடவுள் உருவங்களுக்கு ஒன்பது தாலம், பத்து தாலம் என்று போவார்கள். நமக்கு அது வேண்டாம், பேய்க்குச் சாதாரண மனுஷ அளவு போதும். 5 அடி 8 அங்குல ஆள் என்று வைத்துக்கொண்டால் தலை 9 அங்குலம். தரையிலிருந்து முழங்கால் 19, இடுப்புப் பிரிவு 34, தோள் 56. தோள் சட்டம் 16, இடுப்புச் சட்டம் 10. மேல் கை 12, முன் கை 10, கையுறையில் பஞ்சு அடைத்த உள்ளங்கை 7. கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி தொடை நடுவுக்கு வர வேண்டும். பேரனைச் சுவரோரம் நிறுத்தி டேப் வைத்து இதையெல்லாம் சரிபார்த்தோம். விரித்த இரு கைகளின் அகலமும் உயரமும் அநேகமாக ஒன்றே என்று தெரிந்ததும், அவன் அம்மா, அப்பா, என்னை, கடைசியில் தபால் கொண்டுவந்த அம்மாள் வரைக்கும் அளக்கப் பார்த்தான்.

மூட்டு இரண்டு வகை. அசையக் கூடாத மூட்டுக்கு மரப்பசையும் இரண்டு ஸ்க்ரூவும். ஒரே ஸ்க்ரூ போட்டால் அது அச்சாகிவிடும். கட்டை அதைச் சுற்றித் திரும்பும். முழங்கை, முழங்கால், தோள் போல அசைய வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ஒரே போல்ட், இரு பக்கமும் வாஷர், கையாலேயே முடுக்குகிற விங் நட்டு. வேண்டிய கோணத்தில் வைத்து முடுக்கிக்கொள்ளலாம். விழா முடிந்ததும் தளர்த்தி மடித்து வைத்துவிடலாம். ஸ்க்ரூ போடுமுன் சின்னத் துளை போட்டுக்கொள்ளாவிட்டால் இந்த பைன் ரீப்பர் நுனியில் விரிந்துவிடும். கால்களுக்கு மட்டும் இரண்டு ரீப்பரைச் சேர்த்து ஒட்டித் தடிமன் கூட்டினோம். முதுகுக் கட்டைக்கும் தோள் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் சாய்வு முட்டு. கம்பத்தில் கிராஸ் ஆர்ம் மாட்டிய எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். நாலு மூலைச் சட்டம் அமுக்கினால் கோணிக்கொள்ளும், முக்கோணம் கோணாது.

அடுத்துச் சொல்லப் போவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். எந்த மனிதனும் இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்பதில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள். பாரம் ஒரு காலில் இருக்கும், மறு கால் சும்மா மடங்கி நிற்கும். பாரம் தாங்குகிற பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கம் தோள் தாழும். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் திரிபங்கம் என்று சொல்கிற அந்த மூன்று வளைவும் இதுதான். அதில் இருக்கும் அழகு வேறு, ஆனால் அடியில் இருக்கிற எலும்புக் கணக்கு ஒன்றே. இடுப்புச் சட்டத்தை ஒரு பக்கம் ஒரு அங்குலம் தூக்கி, தோள் சட்டத்தை அதே பக்கம் ஒன்றரை அங்குலம் இறக்கி, முழங்காலை லேசாக மடக்கி முடுக்கினோம். துணி கிடையாது, தலை கிடையாது. வெறும் கட்டை. ஆனால் மாலையில் கராஜ் கதவைத் திறந்த என் மகள், "யாரு?" என்று கேட்டுவிட்டாள். பேரன் குதித்த குதி இருக்கிறதே!

ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. முதல் சட்டத்தை நான் இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். டிரில்லுக்கு பேட்டரி மாற்ற உள்ளே போன நேரத்தில் பேரன், துணி போர்த்தினால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து தலை முதல் கால் வரை மூடியிருக்கிறான். அதே சமயம் என் மனைவி எனக்குக் காபி எடுத்துக்கொண்டு கராஜுக்கு வந்தாள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டாள். நான் வந்தபோது காபி ஆறிப்போய் இருந்தது. விரிப்பைப் பார்த்தேன். புரிந்தது. ஆளுயரத்தில், குறுக்குக் கட்டை வைத்து, வெள்ளை போர்த்தி. நம் ஊரில் இந்த வடிவத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கட்டுவோம்.

இரவு அவள் சொன்னது இவ்வளவுதான்: "பண்ணுங்க, வேண்டாங்கல. குழந்தை ஆசைப்படறான். படுக்க மட்டும் வைக்காதீங்க."

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் நிற்க வைத்தே கட்டினேன். கராஜ் கூரைச் சட்டத்தில் ஒரு கொக்கி மாட்டி, கயிற்றில் முதுகுக் கட்டையைத் தொங்கவிட்டு, அதிலிருந்து தோள், இடுப்பு, கால் என்று கீழ்நோக்கி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேலைக்கும் அதுதான் நல்ல முறை. கயிறே தூக்குக்குண்டு போல நேரைக் காட்டுகிறது. எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது கட்டும்போதே கண்ணுக்குத் தெரிகிறது. படுக்கப் போட்டுக் கட்டினால் நிமிர்த்திய பிறகுதான் தெரியும்.

காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பழைய உத்தியோகத்துக்குத் துரோகம். உடுப்பும் திணிப்பும் சேர்த்து உருவத்தின் எடை 8 கிலோ வந்தது. இரண்டடிச் சதுர அடித்தளம். அங்கியோடு காற்றுக்குக் காட்டுகிற பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 20 கிலோமீட்டர் வேகக் காற்றில் இந்தப் பொம்மை தாக்குப்பிடிக்கும். 25-இல் சாயும். 40 கிலோமீட்டர் காற்று சுமார் 9 கிலோ விசையில் தள்ளும். இலையுதிர் காலத்தில் அந்த வேகத்தில் ஒரு வீச்சு வருவது சகஜம். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மீதி கணக்கு தானே வரும். அந்த வீச்சைத் தாங்க அடித்தளத்தில் மொத்தம் 26 கிலோவாவது இருக்க வேண்டும். கடையில் 50 பவுண்டு மணல் மூட்டை, அதாவது சுமார் 23 கிலோ, கிடைக்கிறது. உருவத்துக்கு ஒன்று. தீர்ந்தது.

ஸ்டே கம்பி கட்டலாமே என்று என்னுடன் வேலை பார்த்தவர்கள் கேட்பார்கள். கட்டலாம்தான். ஹோம் டிப்போ கடை 2020-இல் 299 டாலருக்கு விற்க ஆரம்பித்த 12 அடி எலும்புக்கூடு ஒன்று எதிர் வரிசை வீட்டில் நின்றது. அதற்கு அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் இருட்டில், முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு ஓடிவருகிற ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கணுக்கால் உயரத்தில் ஒரு கம்பி! என் வாசலில் அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். கம்பியைப் புல்தரையில் அடித்து அதன் மேல் பொம்மையின் காலைச் செருகுகிற முறையும் உண்டு. அதற்குத் தரையைக் குத்துமுன் அந்த ஊரில் 811 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். இலவசமாக வந்து, நிலத்தடியில் போகிறதையெல்லாம் வர்ணம் அடித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் தண்ணீர். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அமெரிக்காவை மெச்சலாம். நம் ஊரில் எத்தனை கேபிளைக் கடப்பாரை முனையில் கண்டுபிடித்திருக்கிறோம்!

சதை வைப்பது சுலபம். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் மிதக்க வைத்துக்கொள்ளும் நுரைக் குழாய் சீசன் முடிந்து மலிவாகக் கிடந்தது. நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் கட்டையின் மேல் அப்படியே கவ்விக்கொள்ளும். மார்புக்கும் வயிற்றுக்கும் பார்சலில் வந்த காற்றுக் குமிழித் தாள். மேலே டேப். பழைய துணிக் கடையில் ஒரு நீள அங்கி, ஒரு கோட்டு. முதல் உருவம் பூசணித் தலைக் காவல்காரன். இரண்டாவது முக்காடு போட்ட சூனியக்காரி. மூன்றாவது உட்கார்ந்த உருவமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நிற்கிற மூன்றைவிட, இரண்டு நிற்க ஒன்று உட்கார்ந்திருந்தால்தான் பார்ப்பவருக்கு உயிர் இருப்பதாகத் தோன்றும்.

உட்கார்ந்த உருவத்துக்கு மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து, கால் மேல் கால் போட்டாற்போல் சட்டத்தை அமைத்திருந்தேன். அன்று மாலை மனைவி கராஜுக்கு வந்தாள். அந்த விரிப்பு விஷயத்துக்குப் பிறகு வருவது அன்றுதான் முதல் முறை. சற்று நேரம் நின்று பார்த்தாள்.

"இது என்ன, கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருக்கு?"

"வேற எப்படி உட்காரணும்?"

"நாற்காலி வேண்டாம். பெஞ்சு மாதிரி போடுங்க. ஒரு காலைத் தொங்கவிட்டு, ஒரு காலை மடிச்சு மேல வெச்சு, அந்த முழங்கால் மேல கையை நீட்டிக்கட்டும்."

இரண்டுக்கு நான்கு கட்டையில் பதினெட்டு அங்குல உயரத்துக்கு நாலடி பெஞ்சு ஒன்று அடித்தேன். தொடை 17 அங்குலம், கீழ்க்கால் 16. குதிகால் பெஞ்சிலேயே ஊன்றி முழங்கால் மேலே வர வேண்டும் என்றால் இரண்டு கட்டையும் அநேகமாக மடங்கிப்போய்விடும். போல்ட் தலை ஒன்றோடொன்று இடிக்கும். ஒரு கட்டையை உட்பக்கமாக மாற்றி இடம் பண்ண வேண்டியிருந்தது. முதுகை எவ்வளவு சாய்க்கலாம் என்று கேட்டேன். நிமிர்த்தியே இருக்கட்டும், கழுத்து மட்டும் முன்னால் வரட்டும் என்றாள். இரண்டு அங்குலம் முன்னால் கொண்டுவந்து திருகினேன். தலைக்கு வைத்திருந்த தெர்மகோல் உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "நேரா?" என்றேன்.

"கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்."

நான் டிரில்லை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பேரன் நுரைக் குழாயைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். எலும்புக்கூடு முகமூடி ஒன்றை இதற்கென்று வாங்கி வைத்திருந்தான். அதை மாட்டலாமா என்று கேட்டபோது, "இதுக்கு முகமூடி வேண்டாம்டா கண்ணா" என்று மட்டும் சொன்னாள். என்னுடைய பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரையும் பெட்டியிலிருந்து ஒரு ஈரிழைத் துண்டையும் அவளே எடுத்துவந்து போட்டாள். முகத்துக்குக் கறுப்புத் துணியைச் சுற்றி, அகலத் தொப்பியை இறக்கிவிட்டோம்.

2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31-ஆம் தேதியே வந்தது. காலையில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, லேகியம். மாலையில் பேய். வாசலை எப்படிப் பங்கு போடுவது என்று வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. அந்த அக்டோபரில் நியூ ஜெர்சியில் கிட்டத்தட்ட மழையே பெய்யவில்லை. சருகெல்லாம் அப்பளமாக நொறுங்கியது, திறந்தவெளியில் தீ மூட்டத் தடை இருந்தது. பாலியஸ்டர் அங்கி மாட்டிய பொம்மையையும் அகல் விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க நான் ஒப்பவில்லை. கோலமும் விளக்கும் சிமெண்ட் படியில், கதவுக்கு இடப்பக்கம். பேய்கள் பத்தடிக்கு அப்பால், வண்டிப்பாதை ஓரம். பூசணிக்குள் பேட்டரி விளக்கு. அம்பாளுக்கும் பேய்க்கும் நடுவே எல்லைக்கோடு போட்ட திருப்தி எனக்கு.

அதிரசம் செய்து வைத்திருந்தாள். வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கப்போகிறேன் என்றாள். முன்பின் தெரியாத வீட்டில் கொடுத்தால் கம்பெனி உறையிட்ட மிட்டாயைத்தான் பெற்றோர் சாப்பிட விடுவார்கள், வீட்டில் செய்ததைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று மகள் எடுத்துச் சொன்னாள். முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு மிட்டாய்க் கூடையை எடுத்துக்கொண்டு, பட்டுப் புடவையோடு வாசலுக்குப் போனாள்.

ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிட்டது. அக்டோபர் கடைசி போலவே இல்லை, ஸ்வெட்டர் வேண்டாத அளவுக்கு வெதுவெதுப்பு. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நின்ற இரண்டு பேய்களையும் பார்த்துச் சிரித்தார்கள், கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உட்கார்ந்த உருவத்தின் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்கள். அந்த ஊரில் சில பெரியவர்கள் பொம்மை போல வேஷம் கட்டி அசையாமல் உட்கார்ந்திருந்து, பிள்ளைகள் கிட்டே வந்ததும் துள்ளி எழுந்து பயமுறுத்துவதுண்டு. அதனால் இது நிஜ ஆளா, கட்டையா என்று அவர்களுக்குச் சந்தேகம். ஒரு சிறுமி, தேவதை வேஷம், நீளக் குச்சியை நீட்டி முழங்காலை மெல்லத் தட்டிப் பார்த்தாள். டக் என்று மரச் சத்தம் வந்ததும்தான் மூச்சு விட்டாள். அவள் அப்பா என்னிடம் வந்து, உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள், எப்படி இப்படி மனிதன் போலவே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். அளவுகளைச் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டார்.

நின்று நின்று கால் வலித்ததும் என் மனைவி அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்த உருவத்துக்கு வலப்பக்கம். கூடை மடியில். பிள்ளைகள் அவளையும் பொம்மை என்று நினைத்து ஒரு தடவை அலறினார்கள், அவளும் சிரித்துவிட்டாள். அவள் எடை பெஞ்சின் மேல் இருந்ததால் அதற்கு மட்டும் மணல் மூட்டை தேவைப்படவில்லை என்று நான் சொன்னதற்கு ஒரு பார்வை பார்த்தாள். கூட்டம் ஓய்ந்து, ஒன்பது மணி வாக்கில் நான் பூசணி விளக்குகளை அணைக்கப் போனபோது அவள் இன்னும் அங்கேயே இருந்தாள். ஏதோ தாழ்ந்த குரலில் பேசுவது போலக் கேட்டது. போனில் யாரிடமாவது இருக்கும் என்று பார்த்தேன். போன் உள்ளே மேஜை மேல் சார்ஜில் இருந்தது. நான் பூசணிகளை அணைப்பதை அப்படியே விட்டுவிட்டு, மணல் மூட்டைகளைச் சரிபார்க்கிற பாவனையில் வண்டிப்பாதையின் மறுகோடிக்குப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பிரித்தோம். விங் நட்டைத் தளர்த்தினால் ஒரு உருவம் பத்து நிமிடத்தில் கைக்கு அடங்கிய கட்டாகிவிடும். நட்டு, வாஷர், போல்ட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்தப் பேயின் எந்த மூட்டு என்று பேரன் எழுதி ஒட்டினான். நுரைக் குழாய் கீறல் விடாமல் கழன்று வந்தது, அடுத்த வருடத்துக்கு ஆகும். மணலை அவன் பள்ளித் தோழன் வீட்டுத் தோட்டத்துக்குக் கொடுத்தோம். மூன்றாவதன் முழங்கால் போல்ட்டில் கை வைத்தேன். "அதைக் கழட்ட வேண்டாங்க. இடத்தை அடைக்குதா என்ன?" என்றாள்.

நவம்பர் கடைசியில் ஊர் திரும்பினோம். துண்டை மட்டும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சும் உருவமும் கராஜில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. "மாமா, ராத்திரி வண்டியை உள்ளே விடும்போதெல்லாம் ஒரு செகண்ட் நிஜமாவே யாரோ உட்கார்ந்திருக்காங்கன்னு தோணுது" என்று மாப்பிள்ளை போனில் சொல்வார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கும் இவள், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, யாராவது இடித்து மாற்றிவிட்டார்களா என்று விசாரிப்பாள்.